அறம், காலம், அழுத்தம் : பணியிட ஆங்கிலச் சொற்கள் ஓர் ஆய்வு

முன்னுரை

கல்லூரியில் மூன்றாண்டுகள் பெற்ற கல்வி ஒரு மாணவனை வேலைவாய்ப்பின் வாயில்வரை கொண்டு சேர்க்கிறது. வாயிலைக் கடந்து உள்ளே சென்று அமர்ந்த பின்னர் அவனுக்குத் துணைநிற்பது சொல்லாகும். நேர்காணலில் எழும் வினாவும், பணியில் சேரும் நாளில் கையொப்பமிடக் கொடுக்கப்படும் ஒப்பந்தமும், மேலாளர் அனுப்பும் குறிப்பும் பெரும்பாலும் ஆங்கிலத்திலேயே அமைந்துள்ளன. சென்னை, கோவை நகரங்களின் நிறுவனங்களுக்கும், துபாய், தோஹா, சிங்கப்பூர், கோலாலம்பூர் முதலிய இடங்களில் நம் மக்கள் பணியாற்றும் அலுவலகங்களுக்கும் இது பொருந்தும்.

தமிழ்வழியில் பயின்று, தம் குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்று வெளியேறும் மாணவர்களுக்கு அறிவும் குறைவன்று, உழைப்பும் குறைவன்று. ஆயினும், 'பிரஷர்' மிகுந்த சூழலில் பணியாற்ற இயலுமா என்று ஆங்கிலத்தில் வினவப்படும்போது, நம் ஊர் வழக்கில் 'பிரஷர்' என்பது இரத்த அழுத்த நோயைக் குறிப்பதால், 'எனக்கு அந்த நோய் இல்லை, ஐயா' என்று விடையிறுக்கும் நிலை நேரக்கூடும். இது சிரித்து விட்டுவிடத்தக்க செய்தியன்று. ஒரு சொல்லின் பொருள் தெரியாமையால் ஓர் இளைஞனின் தகுதி அளக்கப்படாமலே போகிறது என்பதே இதில் உள்ள இழப்பு.

தமிழ்த்துறை மலரில் ஆங்கிலச் சொற்களைப் பற்றிய கட்டுரைக்கு இடமுண்டோ எனச் சிலர் வினவலாம். பிறமொழிச் சொல்லைத் தன் தாய்மொழி என்னும் உரைகல்லில் உரசிப் பார்ப்பவனே அதன் மாற்றினை அறிவான் என்பது எம் கருத்து. எனவே பணியிடத்தில் மிகுதியாக வழங்கும் ஆங்கிலச் சொற்களுள் அறம் பற்றியன, காலம் பற்றியன, மன அழுத்தம் பற்றியன என மூவகையினவற்றைத் தெரிந்தெடுத்து, அவை பிறந்த வரலாற்றையும், அவற்றுக்கு இணையான தமிழ் வழக்கையும், அவற்றைக் கையாளும்போது நேரும் பிழைகளையும் இக்கட்டுரையில் காண்போம்.

அறம் பற்றிய சொற்கள்

பணியிட அறத்தைக் குறிக்கும் பொதுச்சொல் 'எத்திக்ஸ்' என்பதாகும். இது வழக்கம், இயல்பு ஆகிய பொருள்களைத் தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து தோன்றியது. 'மாரல்' என்பதும் வழக்கம் என்னும் பொருளுடைய இலத்தீன் சொல்லின் வழிவந்ததே. தமிழில் 'ஒழுக்கம்' என்னும் சொல் 'ஒழுகு' என்னும் வினையடியாகப் பிறந்தது. நீர் இடையறாது ஒழுகுவது போல நாள்தோறும் தொடர்ந்து நடப்பதே ஒழுக்கம். மூன்று மொழிகளும் ஒரே உண்மையைச் சுட்டுகின்றன. அறம் என்பது அன்றாடப் பழக்கத்தில் வாழ்வது. விழா நாளில் மட்டும் எடுத்து உடுத்தும் ஆடை போன்றதன்று.

ஆனால் வழக்கம் எல்லாம் அறமாகிவிடுமா? இதற்கு விடை தருவது நம்மிடையே வழங்கும் 'மாமூல்' என்னும் சொல். அரபு மொழியில் இது 'நடைமுறையில் உள்ளது, வழக்கமானது' என்னும் பொருளைத் தருவது. தமிழிலும் 'மாமூலான வேலை' என்று சொல்லும்போது அப்பொருளே நிற்கிறது. அதே சொல் தெருக்கடைக்காரரிடம் வாரந்தோறும் பறிக்கப்படும் பணத்துக்கும் பெயராகிவிட்டது. தவறு ஒன்று பலமுறை நிகழ்ந்தால் அதற்கு 'வழக்கம்' என்னும் நல்ல பெயர் கிடைத்துவிடுகிறது என்பதற்கு இதனினும் சிறந்த சான்று வேண்டுவதில்லை.

'பிரைப்' என்னும் ஆங்கிலச் சொல்லின் வரலாறும் இதனையொத்ததே. பழைய பிரெஞ்சு மொழியில் அது இரப்போர்க்கு இடும் ரொட்டித் துண்டைக் குறித்தது. பசித்தவனுக்கு இட்ட துண்டு, பதவியில் இருப்பவனுக்கு நீட்டும் பணமாக மாறியது. தமிழில் 'கையூட்டு' என்னும் சொல்லிலும் ஊட்டுதல் என்னும் செயலே நிற்பது எண்ணத்தக்கது. கே. சந்தானம் அவர்களின் தலைமையில் 1962-இல் அமைக்கப்பட்ட ஊழல் தடுப்புக் குழு 1964-இல் தன் அறிக்கையை அளித்தது. கோப்பு விரைந்து நகர்வதற்காகத் தரப்படும் 'ஸ்பீடு மணி' என்னும் பணத்தைப் பற்றி அவ்வறிக்கை பேசியது. மத்திய விழிப்புப்பணி ஆணையம் தோன்றியதும் அக்குழுவின் பரிந்துரையால்தான். 'வேகப் பணம்' என்னும் இனிய பெயரைச் சூட்டினாலும் பொருள் கையூட்டே என்பதை மாணவர் மறத்தலாகாது. 1988-ஆம் ஆண்டின் ஊழல் தடுப்புச் சட்டம் 2018-இல் திருத்தப்பட்டபோது, கையூட்டுக் கொடுப்பதும் நேரடிக் குற்றமாக்கப்பட்டது. கட்டாயத்துக்கு உள்ளாகிக் கொடுத்தவர் 7 நாட்களுக்குள் முறையிட்டால் அவருக்கு அத்திருத்தம் விலக்களித்தது.

நேர்காணலில் அடிக்கடி செவியுறும் மற்றொரு சொல் 'இன்டெகிரிட்டி'. இலத்தீனில் 'முழுமையானது, சிதையாதது' என்னும் பொருளுடைய சொல் இதன் வேர். கணக்குப் பாடத்தில் முழு எண்ணை 'இன்டிஜர்' என்று கூறுவதும் அவ்வேரிலிருந்தே. உள்ளொன்று புறமொன்று எனப் பிளவுபடாமல் இருப்பவரே இத்தன்மை உடையவர். தமிழில் இதற்கு நேரான சொல்லைத் தேடி நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 'அவர் நாணயமானவர்' என்று நம் வணிகப் பெருமக்கள் நாள்தோறும் கூறுகின்றனரே, அதுவே இது. காசுக்கும் நேர்மைக்கும் ஒரே பெயரிட்ட மொழி நம் மொழி. செல்லாக் காசு போன்றவனை நாணயம் இல்லாதவன் என்பதும், கையும் சொல்லும் தூயவனை நாணயஸ்தன் என்பதும் கடைவீதியில் இன்றும் வழங்கும் மொழிகள்.

'ரெஸ்பான்சிபிள்', 'அக்கவுண்டபிள்' என்னும் இரண்டையும் நாம் 'பொறுப்பு' என்றே மொழிபெயர்க்கிறோம். இரண்டுக்கும் வேறுபாடு உண்டு. ஒரு கிடங்கில் சரக்கை இறக்கி அடுக்கும் பணியைப் பத்துப் பேர் பகிர்ந்துகொள்ளலாம். அவர்கள் அனைவரும் முதற்சொல்லால் குறிக்கப்படுவர். இருப்புப் பதிவேட்டில் கையொப்பமிட்டு, குறைந்தால் கணக்குச் சொல்ல வேண்டியவர் ஒருவரே. அவரே இரண்டாம் சொல்லால் குறிக்கப்படுபவர். 'அக்கவுண்ட்' என்றால் கணக்கு என்பதை நினைவிற்கொண்டால் இவ்வேறுபாடு மறவாது. பணியில் சேரும்போது தமக்கு அளிக்கப்படுவது வேலைப்பங்கா, கணக்குச் சொல்லும் கடமையா என்று கேட்டுத் தெளிதல் இளைஞர்க்கு இன்றியமையாதது.

'கான்ஃப்ளிக்ட் ஆஃப் இன்டரஸ்ட்' என்னும் தொடரில் வரும் 'இன்டரஸ்ட்' என்பதை ஆர்வம் என்றோ வட்டி என்றோ கொள்ளலாகாது. இங்கு அது நலன் என்னும் பொருளது. நிறுவனத்திற்குப் பொருள் வாங்கும் அலுவலரின் மைத்துனரே அப்பொருளை விற்பவராக இருந்தால், நிறுவனத்தின் நலனும் குடும்பத்தின் நலனும் முரண்படுகின்றன. அப்படி ஓர் உறவு இருப்பது குற்றமன்று. அதனை மறைப்பதே குற்றம். எனவே இத்தொடருடன் 'டிஸ்குளோஸ்', அதாவது 'வெளிப்படுத்து' என்னும் சொல்லையும் இணைத்தே கற்க வேண்டும். உறவும் ஊரும் சூழ வாழும் நம் சமுதாயத்தில் இம்முரண்பாடு எளிதில் தோன்றக்கூடியது ஆதலால், முன்னதாகவே எழுதிக் கொடுத்துவிட்டு விலகி நிற்பது இருசாரார்க்கும் காப்பாகும்.

'விசில்புளோயர்' என்பது நிறுவனத்தின் உள்ளே நிகழும் முறைகேட்டை வெளிப்படுத்துபவரைக் குறிக்கும். இச்சொல்லுக்கு மதிப்பான பொருள் நிலைபெறச் செய்தவர்களுள் முதன்மையானவர், 1970-களின் தொடக்கத்தில் அமெரிக்க நுகர்வோர் உரிமைக்காகப் போராடிய ரால்ஃப் நாடர். தமிழில் இவரைக் 'காட்டிக்கொடுப்பவர்' என்று கூறினால் இரண்டகம் செய்தவர் என்னும் பொருள் தோன்றிவிடும். 'சுட்டிக்காட்டுபவர்' என்று கூறினால் கடமை செய்தவர் ஆவார். ஒரு சொல்லில் ஒருவரின் மானம் அடங்கியிருக்கிறது. தங்க நாற்கரச் சாலைத் திட்டத்தின் முறைகேடுகளைப் பற்றிப் பிரதமர் அலுவலகத்துக்கு எழுதிய பொறியாளர் சத்யேந்திர துபே 2003 நவம்பரில் கயை நகரில் சுட்டுக் கொல்லப்பட்டார். நாடெங்கும் எழுந்த வேதனைக்குப் பின்னர், முறையிடுவோரின் பெயரை மறைத்துக் காக்கும் ஆணையை மத்திய அரசு 2004-இல் பிறப்பித்தது. 2014-இல் நாடாளுமன்றம் இதற்கெனத் தனிச்சட்டமும் இயற்றியது.

இருபொருள் தரும் சில சொற்களையும் இங்கே சுட்டுதல் தகும். 'சாங்ஷன்' என்பது ஒப்புதலையும் குறிக்கும். தண்டனைத் தடையையும் குறிக்கும். 'ஓவர்சைட்' என்பது மேற்பார்வையையும் குறிக்கும். கவனக்குறைவால் விட்டுவிட்டதையும் குறிக்கும். 'காம்ப்ரமைஸ்' என்பது இருவர் விட்டுக்கொடுத்து இணங்குவதைக் குறித்தால் நன்மை. தரத்திலோ கொள்கையிலோ செய்துகொண்டால் தீமை. 'பிரின்சிபல்' என்னும் ஒலியில் கல்லூரி முதல்வரும் உண்டு, கொள்கையும் உண்டு. எழுத்து மட்டுமே வேறு.

காலம் பற்றிய சொற்கள்

திருக்குறளின் 49-ஆம் அதிகாரம் காலமறிதல். 61-ஆம் அதிகாரம் மடியின்மை. செயலுக்கு ஏற்ற காலத்தை அறிதலையும் சோம்பலை நீக்குதலையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்த மரபு நம்முடையது. ஆதலின் 'டைம் மேனேஜ்மென்ட்' என்னும் தொடர் நமக்குப் புதியதாக இருக்கலாம். அதன் கருத்துப் புதியதன்று. இடர்ப்பாடு தோன்றுவது, காலத்தைக் குறிக்கும் சிறுசொற்களில்தான்.

'வெள்ளிக்கிழமைக்குள் தருகிறேன்', 'இரண்டு நாட்களுக்குள் தருகிறேன்' என்னும் இரு தொடர்களிலும் தமிழ் 'உள்' என்னும் ஒரே உருபைப் பயன்படுத்துகிறது. ஆங்கிலமோ இவற்றைப் பிரித்துக் காண்கிறது. காலத்தின் ஒரு புள்ளியைச் சொன்னால் 'பை ஃப்ரைடே' என்றும், கால அளவைச் சொன்னால் 'வித்தின் டூ டேஸ்' என்றும் வரும். தமிழை அப்படியே பெயர்த்து 'வித்தின் ஃப்ரைடே' என்று எழுதுவது நம் மாணவரிடம் பெரிதும் காணப்படும் பிழை. 'அன்டில் ஃப்ரைடே' என்று எழுதினால் பொருளே மாறிவிடும். வெள்ளிக்கிழமை வரை அவ்வேலை நடந்துகொண்டிருக்கும் என்பது அதன் பொருள்.

இவ்வாறே 'மூன்று ஆண்டுகளாகப் பணியாற்றுகிறேன்' என்பதற்கு 'ஃபார் த்ரீ இயர்ஸ்' என்றும், 'திங்கட்கிழமையிலிருந்து' என்பதற்கு 'சின்ஸ் மண்டே' என்றும் வருதல் வேண்டும். கால அளவுக்கு முன்னது. தொடங்கிய புள்ளிக்குப் பின்னது. 'ஆன் டைம்' என்பது குறித்த நேரத்தில் என்றும், 'இன் டைம்' என்பது காலம் கடந்துவிடுமுன் என்றும் பொருள்படும். பத்து மணி வண்டி பத்து மணிக்குப் புறப்பட்டால் அது 'ஆன் டைம்'. அவ்வண்டியைப் பிடிக்க நாம் ஐந்து நிமிடம் முன்னதாகச் சென்று சேர்ந்தால் அது 'இன் டைம்'.

'டெட்லைன்' என்னும் சொல் இன்று எல்லா அலுவலகங்களிலும் ஒலிக்கிறது. இதன் வரலாறு கொடியது. அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது 1864-இல் ஜார்ஜியா மாநிலத்தின் ஆண்டர்சன்வில் என்னும் இடத்தில் போர்க்கைதிகளின் சிறை ஒன்று அமைந்தது. மதிலுக்கு உட்புறத்தில் ஒரு வேலிக்கோடு இடப்பட்டிருந்தது. அதனைத் தாண்டும் கைதி காவலரால் சுடப்படுவான். அதுவே சாவுக்கோடு. பிற்காலத்தில், 20-ஆம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், அமெரிக்கச் செய்தித்தாள் அலுவலகங்களில் செய்தியை அச்சுக்குக் கொடுக்க வேண்டிய இறுதி நேரத்திற்கு இச்சொல் பெயராயிற்று. நாம் 'காலக்கெடு' என்கிறோம். கெடு தவறினால் உயிர் போவதில்லை. ஆனால் நம்பிக்கை போகும்.

நம் நீதிமன்ற வழக்கில் உள்ள 'வாய்தா' என்னும் சொல்லும் இங்கு எண்ணத்தக்கது. இது 'வாக்குறுதி' என்னும் பொருளுடைய அரபுச் சொல்லிலிருந்து உருது வழியாக வந்தது. தமிழில் அது விசாரணைக்குக் குறித்த நாள் என்றும், நாள் தள்ளிப்போதல் என்றும் பொருள்பட்டுவிட்டது. கொடுத்த வாக்கு எப்படி ஒத்திவைப்பாக மாறுகிறது என்பதைச் சொல்லின் வாழ்க்கையே காட்டுகிறது. ஆங்கிலத்தில் இப்பழக்கத்தைப் 'புரோகிராஸ்டினேஷன்' என்பர். 'நாளை' என்னும் பொருளுடைய இலத்தீன் சொல் இதனுள் உறைகிறது. எல்லா மொழியிலும் சோம்பலின் பெயர் நாளைதான் போலும்.

'அர்ஜென்ட்' என்பதற்கும் 'இம்பார்ட்டன்ட்' என்பதற்கும் உள்ள வேறுபாடு நேர மேலாண்மையின் உயிர்நாடி. 1954-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஐசன்ஹோவர் ஓர் உரையில் இவ்விரண்டையும் பிரித்துக் காட்டினார். ஸ்டீபன் கவி 1989-இல் வெளியிட்ட நூல் இப்பிரிவை உலகெங்கும் பரப்பியது. மணி ஒலிக்கும் தொலைபேசி அவசரம். தேர்வுக்குப் படிப்பது முக்கியம். அவசரமானது கூவி அழைக்கிறது. முக்கியமானது அமைதியாகக் காத்திருக்கிறது. 'அவசரம்' என்பது வடமொழியில் தக்க தருணம், வாய்ப்பு என்னும் பொருளது. தமிழில் அது பதற்றம் கலந்த விரைவாகிவிட்டது. தக்க தருணத்தைத் தவறவிட்டவனுக்கே அவசரம் நேர்கிறது என்று கொண்டால் இரு பொருளும் இணைந்துவிடும்.

இந்திய ஆங்கிலத்தில் வேரூன்றிய சில வழக்குகளை அயல்நாடு செல்வோர் அறிந்திருத்தல் நலம். 'ப்ரீபோன்' என்பது நம் நாட்டில் அனைவர்க்கும் விளங்கும். பிறநாட்டார் 'பிரிங் ஃபார்வர்ட்' என்பர். 'ரிவர்ட்' என்பதை நாம் மறுமொழி தருதல் என்று கொள்கிறோம். பிறர்க்கு அது பழைய நிலைக்குத் திரும்புதல். 'பெர்மிஷன் வேண்டும்' என்றால் தமிழ்நாட்டு அலுவலகத்தில் ஒரு மணி நேர வெளியேற்றம் என்று பொருள். துபாயில் உள்ள மேலாளர் 'எதற்கு அனுமதி?' என்று வினவுவார். 'ஐ ஹேவ் எ டவுட்' என்று கூறினால் நம் கருத்தில் அது ஒரு வினா. கேட்பவர் தம் நேர்மையை ஐயுறுவதாக எண்ணக்கூடும். ஆண்டு 'கொஸ்டின்' என்று கூறுதலே சால்பு.

காலமும் அறமும் சந்திக்கும் ஒரு சொல் 'பேக்டேட்'. இன்று எழுதிய ஆவணத்திற்குக் கடந்துபோன ஒரு நாளின் தேதியை இடுவதே இது. 'போஸ்ட்டேட்' என்பது வரப்போகும் நாளின் தேதியை இடுவது. தமிழில் 'முன்' என்னும் சொல் 'முன்னொரு காலத்தில்' எனக் கடந்ததையும், 'முன்னால் செல்' என எதிரில் உள்ளதையும் குறிப்பதால், 'முன்தேதி' என்று கேட்டவுடன் எது என்னும் மயக்கம் நேர்கிறது. வரும் நாளிட்ட காசோலை வணிகத்தில் இயல்பானது. கடந்த நாளிட்ட சான்றோ, பெரும்பாலும் எதையேனும் மறைப்பதற்கே கேட்கப்படும். எந்தத் திசைத் தேதி என்று கேட்டறியாமல் கையொப்பமிடுதல் கூடாது.

அழுத்தம் பற்றிய சொற்கள்

'ஸ்ட்ரெஸ்' என்பதை இன்றைய பொருளில் நிலைநாட்டியவர் ஹான்ஸ் செல்யே. 1907-இல் வியன்னாவில் பிறந்து, கனடாவின் மான்ட்ரியல் நகரில் ஆய்வு செய்த இவர், 1936-இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்ட சிறு கட்டுரையில், பல்வேறு தீங்குகளுக்கும் உடல் ஒரே வகையான எதிர்வினையைக் காட்டுகிறது என்று எடுத்துரைத்தார். பின்னர் அந்நிலைக்கு இயற்பியலிலிருந்து 'ஸ்ட்ரெஸ்' என்னும் சொல்லைப் பெற்றுக்கொண்டார். இயற்பியல் பாடநூலில் நாம் 'தகைவு' என்று படிப்பது இதுவே; 'ஸ்ட்ரெயின்' என்பது திரிபு. புறத்தேயுள்ள விசையால் பொருளினுள் தோன்றுவது தகைவு. அதனால் வடிவில் ஏற்படும் மாற்றம் திரிபு. மனிதனிடம் தாம் கண்டது திரிபையே என்றும், அந்நாளில் ஆங்கிலத்தில் தமக்கிருந்த குறைந்த பயிற்சியால் சொல் மாறிவிட்டது என்றும் செல்யே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டார். ஆங்கிலம் தாய்மொழியல்லாத ஓர் அறிஞரின் சொல்லையே ஆங்கிலேயரும் இன்று வழங்குகின்றனர். பிழை நேருமோ என்று வாய்திறக்க அஞ்சும் நம் மாணவர்க்கு இச்செய்தி ஊக்கமளிக்க வேண்டும்.

அவரே அழுத்தத்தில் இருவகை கண்டார். தேர்வுக்கு முந்தைய நாள் நம்மை விழித்திருந்து படிக்கத் தூண்டுவது நல்லழுத்தம். அதற்கு 'யூஸ்ட்ரெஸ்' என்று பெயர். உறக்கத்தையும் உணவையும் கெடுத்து நம்மைச் செயலற்றவராக்குவது 'டிஸ்ட்ரெஸ்', அதாவது துன்ப அழுத்தம். வீணையின் நரம்பு தளர்ந்தாலும் ஒலியில்லை. மிக முறுக்கினாலும் அறும்.

சொல்லாட்சியில் நேரும் பிழைகளையும் காண்போம். 'ஐ ஆம் ஸ்ட்ரெஸ்டு' என்றால் நான் அழுத்தத்தில் இருக்கிறேன் என்பது. 'ஐ ஆம் ஸ்ட்ரெஸ்ஃபுல்' என்றால் நான் பிறர்க்கு அழுத்தம் தருபவன் என்று பொருள்பட்டுவிடும். வேலையே 'ஸ்ட்ரெஸ்ஃபுல்'. 'ஐ ஒர்க் ஹார்டு' என்பது கடுமையாக உழைக்கிறேன் என்பது. 'ஐ ஹார்ட்லி ஒர்க்' என்பது உழைப்பதே அரிது என்பது. நேர்காணலில் இவ்விரண்டும் இடம் மாறினால் நேரும் விளைவைக் கூற வேண்டுவதில்லை. 'டென்ஷன்' என்பதை நாம் சினத்துக்கும் பதற்றத்துக்கும் பயன்படுத்துகிறோம். ஆங்கிலத்தில் அது இருவரிடையேயோ இரு நாடுகளிடையேயோ நிலவும் இறுக்கத்தையே பெரிதும் சுட்டும்.

'பர்ன்அவுட்' என்பது எண்ணெய் தீர்ந்து திரியும் கருகிய விளக்கின் நிலை. நியூயார்க்கில் இலவச மருத்துவமனைத் தொண்டர்களிடம் இதனைக் கண்ட உளவியலறிஞர் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் 1974-இல் இதுபற்றி எழுதினார். உலக நலவாழ்வு அமைப்பு 2019-இல் ஏற்று 2022 சனவரியில் நடைமுறைக்குக் கொணர்ந்த நோய்ப் பகுப்பு இதனைப் பணிசார்ந்த நிகழ்வாகச் சேர்த்துள்ளது; தனி நோயாகக் கொள்ளவில்லை. ஆற்றல் வற்றிப்போதல், பணியின்பால் மனம் விலகிக் கசந்துபோதல், செயல்திறன் குன்றுதல் ஆகிய மூன்றும் இதன் அடையாளங்கள். எனவே நான்கு நாள் களைப்பைப் 'பர்ன்அவுட்' என்றல் மிகை. ஆறு மாதக் கசப்பைச் 'சோம்பல்' என்றல் கொடுமை. தம் பிள்ளை அயல்நாட்டிலிருந்து 'வேலை பிடிக்கவில்லை' என்று கூறும்போது, அச்சொல்லின் பின்னே எது நிற்கிறது என்று பெற்றோரும் மூத்தோரும் பொறுமையுடன் கேட்டறிதல் வேண்டும்.

மிகையுழைப்பால் நேரும் சாவுக்கு சப்பானியர் 'கரோஷி' என்று பெயரிட்டனர். 2014-இல் அதனைத் தடுக்கச் சட்டமும் இயற்றினர். உலக நலவாழ்வு அமைப்பும் பன்னாட்டுத் தொழில் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைத்ததன் விளைவாக 2016-ஆம் ஆண்டில் மட்டும் 7,45,000 பேர் பக்கவாதத்தாலும் இதய நோயாலும் இறந்தனர். பிரான்சு நாடு 2017 முதல், பெரிய நிறுவனங்களின் ஊழியர் பணிநேரத்திற்குப் பின் அலுவலகத் தொடர்பிலிருந்து விலகியிருக்கும் உரிமையைச் சட்டத்தில் சேர்த்தது. அழுத்தம் என்பது மென்மனத்தோர் கட்டிய கற்பனையென்று கூறுவோர் இவற்றை எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

மறுப்புரைக்கும் மொழி

மேற்கண்ட மூவகைச் சொற்களும் கூடும் இடம் ஒன்றுண்டு. அது மறுத்துரைக்கும் இடம். பெரியோர் முன் 'இல்லை' என்று கூறாமை நம் பண்பாடு. 'பார்க்கலாம்', 'முயல்கிறேன்' என்று நாம் கூறினால் நம்மவர் அதனை மறுப்பென்று உணர்ந்துகொள்வர். அதனையே 'ஐ வில் ட்ரை' என்று ஆங்கிலத்தில் கூறும்போது பிறர் அதனை இசைவாகக் கொள்வர். குறித்த நாளில் வேலை முடியாதபோது, பணிவு பொய்யாகத் தோன்றிவிடுகிறது. பணிவையும் இழக்காமல், உண்மையையும் மறைக்காமல் பேசச் சில தொடர்களை மாணவர் மனத்திற்கொள்ளலாம்.

வேலை மிகும்போது : 'விச் ஷுட் ஐ ஃபினிஷ் ஃபர்ஸ்ட்?' - இவற்றுள் எதனை முதலில் முடிக்க வேண்டும்?

காலம் போதாதபோது : 'ஐ கேன்னாட் ஃபினிஷ் இட் பை ஃப்ரைடே, ஐ கேன் கிவ் இட் பை மண்டே' - வெள்ளிக்குள் இயலாது, திங்களுக்குள் தருவேன்.

ஐயத்துக்குரிய ஆணை வரும்போது : 'குட் ஐ ஹேவ் திஸ் இன் ரைட்டிங், ப்ளீஸ்?' - இதனை எழுத்தில் தர இயலுமா?

தகாத கையொப்பம் கேட்கப்படும்போது : 'ஐ ஆம் சாரி, ஐ கேன்னாட் சைன் திஸ்' - பொறுத்தருள்க, இதில் நான் கையொப்பமிட இயலாது.

தாங்கவியலாதபோது : 'ஐ நீட் சம் ஹெல்ப் வித் திஸ்' - இதில் எனக்கு உதவி வேண்டும்.

இவை எளிய சொற்களால் ஆயவை. பள்ளி மாணவனும் இவற்றை எழுதிவிடுவான். கூறுவதற்கு வேண்டியது துணிவு. அத்துணிவு, சொல் கைவசம் இருக்கும்போது எளிதில் பிறக்கும். சொல் இல்லாதவன் தலையசைத்துவிடுகிறான். அத்தலையசைப்புக்குப் பின்னர் ஆண்டுக்கணக்கில் விளைவைச் சுமக்கிறான்.

பயிலும் முறை

ஓர் ஏட்டில் மூன்று பத்திகள் இடுக. முதற்பத்தியில் ஆங்கிலச் சொல். இரண்டாவதில் தம் வீட்டிலும் கடைவீதியிலும் அதற்கு வழங்கும் தமிழ்ச்சொல். மூன்றாவதில் தமக்கு நன்கு தெரிந்த தொழிலிலிருந்து ஒரு வாக்கியம். தோல் பதனிடும் தொழிலாளியின் மகன் தோல் தரம்பிரித்தலைக் கொண்டும், அரிசி மண்டிக் கணக்கரின் மகள் சிட்டை, பேரேட்டைக் கொண்டும், மீனவக் குடும்பத்துப் பிள்ளை வலையும் ஏலமும் கொண்டும் எழுதலாம். நாளொன்றுக்கு 3 சொற்கள் என்று கற்றால் ஒரு பருவத்தின் 90 நாட்களில் 270 சொற்கள் கைவரும். அவை பணியிடத்தின் பெரும்பகுதித் தேவைக்குப் போதுமானவை.

இப்பணியில் சமுதாய மூத்தோர்க்கும் பங்குண்டு. எடையில் குறைவைக்காமல் ஐம்பதாண்டு கடை நடத்திய பெரியவர் 'இன்டெகிரிட்டி' என்னும் சொல்லைக் கேட்டிருக்கமாட்டார். ஆனால் அதன் பொருளை வாழ்ந்து காட்டியவர் அவரே. பிறர் நம்பி ஒப்படைத்ததை நம் இல்லங்களில் 'அமானிதம்' என்று கூறி, தம் பொருளினும் மேலாகக் காத்தோர் பலர். அத்தகையோரிடம் மாணவர் சென்று, 'எந்த வேளையில் மறுத்தீர்கள்? எவ்வாறு மறுத்தீர்கள்?' என்று வினவி எழுதிவருவார்களாயின், சொல்லுக்குப் பொருளும் பொருளுக்குச் சொல்லும் கிடைத்துவிடும்.

முடிவுரை

பணியிட ஆங்கிலம் என்பது கடினச் சொற்களின் குவியல் அன்று. 'எத்திக்ஸ்' ஒழுக்கமாகவும், 'இன்டெகிரிட்டி' நாணயமாகவும், 'டெட்லைன்' கெடுவாகவும், 'ஸ்ட்ரெஸ்' தகைவாகவும் நம்மிடம் முன்னரே உள்ளன. சொல்லின் வேரை அறிந்தவன் அச்சொல்லால் ஏமாற்றப்படமாட்டான். 'வேகப் பணம்' என்றும் 'மாமூல்' என்றும் பெயர் மாறி வந்தாலும் அதனை இனங்கண்டுகொள்வான். காலத்தைப் பற்றித் தெளிவாகப் பேசுபவன் வாக்குத் தவறமாட்டான். தன் சுமையைப் பற்றிப் பேசத் தெரிந்தவன் தனிமையில் ஒடுங்கமாட்டான். தாய்மொழியில் வேரூன்றி நின்று, பிறமொழியில் கிளை பரப்பி, நாணயமும் நேரமும் நலமும் காக்கும் பட்டதாரிகளாக நம் மாணவச் செல்வங்கள் உருவாவார்களாக!